சூட்டைக் கூட்டினால் ஒழுங்கு கூடாது: பிளாட்டினம்-கோபால்ட் வினையூக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிபொருள் கலத்தின் கேத்தோடுக்காக (ஆக்சிஜன் வினைபுரியும் மின்முனை) பிளாட்டினம்-கோபால்ட் இன்டர்மெட்டாலிக் வினையூக்கி செய்ய வரும் புதியவர்கள், இந்த வேலையில் முன்னால் இருந்தவர்கள் செய்த பிழைகளையே ஒன்றுவிடாமல் திரும்பச் செய்கிறார்கள். தராசைச் சரிபார், குடுவையைக் கழுவு என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். செய்து முடித்த பிறகும் தவறு என்றே தெரியாதவைதான் ஆபத்து.

முதலில் அடிப்படை. சாதாரண உலோகக்கலவையில் பிளாட்டினம் எங்கே, கோபால்ட் எங்கே என்று கணக்கில்லை. ஒரே படிகக் கட்டமைப்பில் இரண்டும் கலந்து கிடக்கும். இன்டர்மெட்டாலிக்கில் ஒவ்வோர் அணுவுக்கும் இடம் குறித்தாகிவிட்டது. எல்-ஒன்-சீரோ (L1₀) என்ற படிக அமைப்பில் ஓர் அடுக்கு முழுக்கப் பிளாட்டினம், அடுத்தது முழுக்கக் கோபால்ட், இப்படி மாறி மாறி. அமிலத்தில் கோபால்ட் எளிதில் கரைந்து போகாமல் நிற்பது இந்த ஒழுங்கால்தான். கலவை விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். ஆயுள் ஒன்றாக இருக்காது.

எடைக் கணக்கும் அணுக் கணக்கும்

இந்த அமைப்புக்கு வேண்டிய ஒன்றுக்கு ஒன்று என்பது அணுக் கணக்கு. 100 மில்லிகிராம் உலோகத்தில் பிளாட்டினம் 76.8, கோபால்ட் 23.2. எடையில் பாதிக்குப் பாதி போட்டால், ஒரு பிளாட்டினம் அணுவுக்கு மூன்றுக்கும் மேல் கோபால்ட் அணு வந்துவிடும். உப்பாக நிறுக்கும்போது படிக நீரையும் மறக்கக் கூடாது: கோபால்ட் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டில் உலோகம் 24.8 சதவீதம்தான்.

சூடு கூடினால் ஒழுங்கும் கூடும் என்ற நம்பிக்கை

இத்தனை பேர் விழுந்த பிறகும் எச்சரிக்கைப் பலகை வைக்கப்படாத குழி இது. எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். 600 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய மாதிரியில் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) பீக்குகள் அகலமாக, மங்கலாக இருக்கும். "சூடு போதவில்லை" என்று 900-க்குப் போவார்கள். பீக்குகள் கூர்மையாகிவிடும். 41 டிகிரி கோணத்தின் பக்கம் 111 பீக் (எண் படிகத் தளத்தின் பெயர்) ஊசி மாதிரி நிற்கும். சுத்தப் பிளாட்டினத்தின் 39.8-லிருந்து நகர்ந்தும் இருக்கும். "இன்டர்மெட்டாலிக் கிடைத்துவிட்டது" என்று நோட்டில் எழுதிவிடுவார்கள்.

கிடைக்கவில்லை. பீக் நகர்ந்தது கோபால்ட் கட்டமைப்புக்குள் நுழைந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கூர்மையானதற்குக் காரணம் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தது. ஒன்றுக்கு ஒன்று பிளாட்டினம்-கோபால்ட்டில் ஒழுங்கு குலையும் வெப்பநிலை சுமார் 825 டிகிரி. நானோ துகளில் அது இன்னும் கீழே இறங்கும். அதற்கு மேல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அணுக்கள் கலைந்த நிலையைத்தான் விரும்பும். அந்தச் சூட்டிலிருந்து உலைக் குழாயைச் சட்டென்று வெளியே இழுத்துக் குளிரவிட்டால், கலைந்த நிலை அப்படியே உறைந்துவிடும்.

சூட்டுக்கு இங்கே இரண்டு முகம். அணுக்கள் இடம்பெயரச் சூடு வேண்டும். தத்தம் இடத்தில் அடங்கி உட்காரச் சூடு குறைய வேண்டும். அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். ஆர்கானில் 5 சதவீத ஹைட்ரஜன் ஓட்டத்தில், இரண்டு உலோகமும் கலக்க 900 டிகிரியில் குறைந்த நேரம். பிறகு 600–700-க்கு இறக்கி ஆறு மணி நேரம் போல நிறுத்தம். கடைசியில் உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிடுதல். கார்பன் தாங்கியில் துகள்கள் பெருக்காமல் இருக்க மேல் கட்டத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள்.

இந்தத் தவறு மாதக்கணக்கில் மறைந்திருக்க ஒரு காரணம் உண்டு. பிளாட்டினத்தின் பீக்குகள் 39-க்கு மேல்தானே என்று நேரத்தை மிச்சம் பிடிக்க ஸ்கேனை 35 டிகிரியில் தொடங்குகிறார்கள். ஒழுங்கைச் சொல்லும் சூப்பர்லேட்டிஸ் பீக்குகளோ தாமிர எக்ஸ்-கதிரில் 24-க்கும் 33-க்கும் அருகே வரும். அதாவது சாட்சி இருக்கும் அறையின் கதவையே திறப்பதில்லை. ஸ்கேனை 20-லிருந்து தொடங்குங்கள். 36 வரை மிக மெதுவாக ஓட்டுங்கள். 24-ல் உள்ள பீக்கை மட்டும் நம்பாதீர்கள். கார்பனின் அகலமான மேடு 25 அருகே வந்து அதை விழுங்கிவிடும். 33-ல் வரும் 110 பீக்தான் நம்பகமான சாட்சி. தாமிரக் கதிர் கோபால்ட்டை ஒளிரவைத்துப் பின்னணியை உயர்த்தும் என்பதால், டிடெக்டரின் ஆற்றல் வடிகட்டலையும் சரிசெய்துகொள்ளுங்கள். 200 பீக் 48, 49 பக்கம் இரண்டாகப் பிரிந்திருந்தால் இன்னொரு சாட்சி.

110-க்கும் 111-க்கும் உள்ள உயர விகிதத்தை, முழு ஒழுங்குக்கான தரவு அட்டை விகிதத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒழுங்களவு தோராயமாகக் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் இன்டர்மெட்டாலிக் என்ற சொல்லையே எழுதக் கூடாது. மைக்ராஸ்கோப் வரைபடத்தில் இரண்டு தனிமமும் ஒரே துகளில் தெரிவது போதாது. கலந்திருப்பதற்கு அது சான்று, அடுக்கியிருப்பதற்கு அல்ல.

இதில் கோபம் வருவது அடுத்த கட்டத்தில். ஆயுளைச் சோதிக்க, கலைந்த கலவையை 0.6-க்கும் 0.95 வோல்ட்டுக்கும் இடையே ஏற்றி இறக்கி 30,000 சுற்று ஓட்டுகிறார்கள். கோபால்ட் கரைகிறது, கரைந்த அயனி, கலத்தில் புரோட்டானைக் கடத்தும் சவ்வுக்குள் புகுந்து புரோட்டான் இருக்க வேண்டிய இடத்தைப் பிடிக்கிறது, கடத்துதிறன் விழுகிறது. உடனே "இன்டர்மெட்டாலிக் நிலையானதல்ல" என்று முடிவு எழுதுகிறார்கள். அவர்கள் சோதித்தது இன்டர்மெட்டாலிக்கே அல்ல!

அமிலக் கழுவலைச் செய்யாமல் விடுவது

0.1 மோலார் பெர்குளோரிக் அமிலம், 60–80 டிகிரி, பல மணி நேரம். மேற்பரப்புக் கோபால்ட் கரைந்து, இரண்டு மூன்று அணு தடிமனில் பிளாட்டினத் தோல் மிஞ்சும். உள்ளே இருப்பதை அதுதான் காக்கும். வடிநீர் இளஞ்சிவப்பாக வந்தால் கோபால்ட் வெளியேறுகிறது. ஆனால் நிறமற்று வந்தாலே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிறம் தெரியாத அளவிலும் சவ்வுக்குக் கேடு உண்டு. வடிநீரை, மிகச் சிறிய உலோக அளவையும் காட்டும் ஐசிபி கருவியில் அளந்து பாருங்கள்.

உப்பு மிச்சம்

துகள் ஒட்டாமலிருக்கப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துச் சூடாக்கினால், கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் கழுவுங்கள். மிச்சமிருக்கும் குளோரைடு பிளாட்டினத்தின் மேற்பரப்பை அடைத்துக்கொள்ளும்.

உலையைச் சூட்டோடு திறப்பது

கூடாது. அறை வெப்பத்துக்கு ஆறட்டும், ஆர்கானால் ஹைட்ரஜனை வெளியேற்றுங்கள், 1 சதவீத ஆக்சிஜன் மெல்ல விடுங்கள், பிறகு காற்று.

உலர்ந்த பொடியில் ஆல்கஹால்

தீப்பிடிக்கும். முதலில் தண்ணீரில் முழுக்க நனையுங்கள், பிறகு ஆல்கஹால்.