ஒரே ஃப்ரேமில் அம்மாச்சியும் அவர் நாற்காலியும்

மறைந்தவரின் நினைவை ஃபிலிமில் பதிக்க நான் நம்பும் வழி, ஒரே ஃப்ரேமில் இரண்டு முறை எடுப்பது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 400 ஃபிலிம் என்றால் கேமராவின் ஒளி மீட்டரை 800-இல் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் பாதி வெளிச்சமே விழும்; இரண்டும் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும்.

முதலில் அவர் உட்கார்ந்த நாற்காலியை, பின்னால் இருண்ட சுவர் வரும்படி எடுங்கள். முகம் அந்த இருட்டில்தான் எழும்; வெள்ளைச் சுவரானால் கரைந்துபோகும். அடுத்து, ஃபிலிம் நகராமல் ஷட்டரை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். நிக்கான் எஃப்எம்2 கேமராவில் இதற்கென்றே தனி லீவர் உண்டு. பென்டாக்ஸ் கே1000-இல் ரீவைண்ட் கைப்பிடியைத் தளர்வில்லாமல் பிடித்து, அடியிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே, வழக்கமாக ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளுங்கள். ஷட்டர் மட்டும் ஏறும், ஃபிலிம் நகராது. சிறிது விலகினால் விலகட்டும், அதுவும் அழகுதான்.

பிறகு அவருடைய பழைய படத்தை, சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு அருகில் போய் எடுங்கள். அடுத்து லென்ஸை மூடி ஒரு ஃப்ரேமை வெறுமனே தட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த படம் இதன்மேல் ஏறிவிடலாம்.

என் அம்மாச்சியை இப்படி எடுத்தபோது, தேய்ந்து பளபளத்த நாற்காலிக் கையின்மேல் அவர் மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளியாக வந்து உட்கார்ந்திருந்தது.