மின்சார ஹேண்ட்பிரேக்கில் கை வைக்கும் முன்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, அடிவாரத்தில் தேநீருக்காக நிறுத்தப்படும் புதிய கார்கள் சிலவற்றில், ஓட்டுநர் கதவைப் பூட்டிவிட்டு நகர்ந்து சில நிமிடங்கள் ஆன பின்பு, பின்சக்கரங்களின் பக்கமிருந்து 'ர்ர்ர்' என்றொரு குறுகிய இரைச்சல் எழும். ஆளில்லாத காரில் எது ஓடுகிறது என்று திகைத்து, மறுநாளே அதைக் கோளாறு என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். நெம்புகோலுக்குப் பதில் சுவிட்சால் இயங்கும் மின்சார ஹேண்ட்பிரேக்கின் மோட்டார் எழுப்பும் ஒலி அது. நன்றாக இருக்கும் அந்த மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

அந்த இரைச்சலுக்குக் காரணம் மலைதான். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 1,200 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், ஏறத்தாழ அறுபது லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அதில் இருக்கிறது. கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகடும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும்தான் அதைச் சுமக்க வேண்டும். அப்படிச் சூடேறி விரிந்த டிஸ்க்கை மின்சார ஹேண்ட்பிரேக் பற்றிப் பிடித்த பின்பு, அது ஆறிச் சுருங்கச் சுருங்கப் பிடி தளரும். இதை முன்கூட்டியே அறிந்த கட்டுப்பாட்டுப் பெட்டி, சிறிது நேரம் கழித்து மோட்டாரை இன்னொரு முறை முடுக்கிப் பிடியைச் சரிசெய்துவிடுகிறது. பழைய நெம்புகோல் ஹேண்ட்பிரேக்குக்கு இந்த அறிவு கிடையாது. சூடான பிரேக்கோடு சரிவில் நிறுத்தினால் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் நம் பெரியவர்கள் நகர்ந்தார்கள்.

2001-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் வந்த இந்த அமைப்பு, இன்று ஹூண்டாய் கிரெட்டா, மஹிந்திரா எக்ஸ்யூவி 700 போன்ற கார்களின் உயர்வகைகள் வழியாகச் சேலத்தின் தெருக்களுக்கெல்லாம் வந்துவிட்டது. ஆனால் பட்டறைப் பழக்கம் இன்னும் கேபிள் காலத்திலேயே நிற்கிறது. கேபிள் ஹேண்ட்பிரேக்குக்கு நினைவு என்று ஒன்று இல்லை. இழுத்தால் பிடிக்கும், விட்டால் விடும். மின்சார ஹேண்ட்பிரேக்கோ, தன் திருகு எந்த இடத்தில் நிற்கிறது, பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு மின்னோட்டம் வந்தால் போதுமான பிடி கிடைத்துவிட்டது என்றெல்லாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்குக்குத் தெரியாமல் உள்ளே கை வைத்ததால் வந்தவை.

எதைத் தொடுவதற்கும் முன்பு, காரில் இருப்பது எந்த வகை என்று பார்க்க வேண்டும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியான பின்சக்கரக் காலிப்பரின் முதுகில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு சிறு மோட்டார் பொருந்தி, அதற்கு மின்கம்பி போகிறதென்றால் அது காலிப்பர் மோட்டார் வகை. காலிப்பருக்குப் பழையபடி கேபிளே வந்து, அந்தக் கேபிளைக் காரின் அடியிலுள்ள ஒரு மோட்டார் இழுக்கிறதென்றால் அது கேபிள் வகை. இரண்டுக்கும் பேட் மாற்றும் முறை வேறு. கேபிள் வகைக் காலிப்பர்களில் பலவற்றின் பிஸ்டனை, அதாவது பேடைத் தள்ளும் உருளையை, திருகி உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும். காலிப்பர் மோட்டார் வகையில் பெரும்பாலும் நேராக அழுத்தியே அனுப்ப வேண்டும். கையில் கிடைத்த கருவியை வைத்து இரண்டையும் ஒரே மாதிரி கையாள்வது, வேலை தொடங்கும் முன்னரே செய்யப்படும் தவறு.

காலிப்பர் மோட்டார் வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகுந்த செலவு வைக்கும் தவறு அங்கேதான் நடக்கிறது. மோட்டாரின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக வேகம் குறைந்து, விசை கூடி, பிஸ்டனுக்குள் இருக்கும் ஒரு திருகுக்கு வருகிறது. அந்தத் திருகின் மேல் ஒரு நட் முன்னே நகர்ந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. ஹேண்ட்பிரேக்கை விடுவிக்கும்போது அந்த நட் முழுவதுமாகப் பின்வாங்குவதில்லை; அடுத்த முறை விரைவாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்னே சென்று நின்றுகொள்கிறது. பேட் தேயத் தேய, அது நிற்கும் இடமும் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. இப்போது தேய்ந்த பேடைக் கழற்றிவிட்டுத் தடித்த புதுப் பேடை வைக்க வேண்டுமென்றால் பிஸ்டன் பல மில்லிமீட்டர் உள்ளே போயாக வேண்டும். ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் நட் வழிமறித்து நிற்கிறது. சுவிட்சை அழுத்தி விளக்கு அணைந்துவிட்டது, ஆகவே பிரேக் விட்டுவிட்டது, இனி அழுத்தலாம் என்று சி கிளாம்ப் என்னும் இறுக்குக் கருவியைப் போட்டு முறுக்கினால், அந்த விசை முழுவதும் திருகின் புரியின் மீதும் பற்சக்கரங்களின் மீதும் விழும். சர்வீஸ் மோடு என்பது வேறொன்றுமில்லை; நட்டை அதன் கடைசி எல்லை வரை பின்வாங்கச் செய்து, இப்போது வேலை நடக்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வதுதான். சில கார்களில் சுவிட்சையும் மிதிகளையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தி இதைச் செய்யலாம். பலவற்றுக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசும் ஸ்கேனர் கருவி வேண்டும். வரிசை காருக்குக் கார் மாறும் என்பதால், வேறொரு காருக்கான காணொளியைப் பார்த்து முயல்வதைவிட அந்தந்தக் காரின் கையேட்டைப் புரட்டுவதே மேல்.

என் காரிலேயே இது நடந்தது. பெயர் வேண்டாம், நகரத்திலுள்ள ஒரு பட்டறையில் பேட் மாற்றக் கொடுத்தேன். ஸ்கேனர் வேறொரு வேலையில் இருந்ததால் காத்திருக்க மனமின்றிக் கிளாம்ப்பைப் போட்டு அழுத்திவிட்டார்கள். இடப்பக்கம் எப்படியோ தப்பியது. வலப்பக்கக் காலிப்பர் அன்று மாலையே சுவிட்சை இழுக்கும்போதெல்லாம் பல் நறநறத்தது. மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. பேடுக்கு ஆன செலவைப் போலப் பல மடங்கு அந்த ஒரு காலிப்பருக்கு ஆயிற்று. அரை மணி நேரக் காத்திருப்பு எனக்கும் அன்று பெரிதாகத்தான் தோன்றியது என்பதால், குறையில் பாதி என்னுடையது.

ஸ்கேனர் இல்லாத இடத்தில் கையாளப்படும் இன்னொரு குறுக்கு வழி, மோட்டாருக்கு மின்கம்பி வந்து சேரும் இணைப்பான கப்ளரைக் கழற்றிவிட்டு, இரண்டு வயர்களால் பேட்டரி மின்சாரத்தை நேராகக் கொடுத்துப் பின்வாங்க வைப்பது. மோட்டார் ஓடும், உண்மைதான். ஆனால் அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியே தவிர மோட்டார் அன்று. நட் எல்லையில் முட்டும்போது மின்னோட்டம் ஏறுவதைக் கண்டு அந்தப் பெட்டி உடனே நிறுத்திவிடும். கையில் பிடித்த வயருக்கு அந்தக் கண் கிடையாது. ஒரு நொடி கூடுதலாகப் போனாலும் நட் எல்லையில் இறுகிச் சிக்கிக்கொள்ளலாம், பிளாஸ்டிக் பல் உதிரலாம். வயரை மாற்றிப் பிடித்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடிப் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். ஃபியூஸைப் பிடுங்கினால் பிரேக் தானாக விட்டுவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பிடித்த பிடியை வைத்திருக்க இந்த அமைப்புக்கு மின்சாரமே தேவையில்லை. திருகு தானாகப் பின்னே நழுவாது. ஃபியூஸைப் பிடுங்கினால், விடுவிக்கும் வழிதான் அடைபடும்.

அதே காரணத்தால் பேட்டரி உயிரிழந்த கார் ஹேண்ட்பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். வெளியூர் போய்த் திரும்பியவர்கள் இதைக் கண்டு, நான்கு பேரைக் கூட்டித் தள்ளிப் பார்ப்பதும் கயிறு கட்டி இழுப்பதும் டயரைத் தேய்ப்பதற்கே உதவும். வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து முறைப்படி விடுவிப்பதே சரி. பட்டறையிலும் பேட்டரியை மறந்துவிடக் கூடாது. இக்னிஷன் போட்டபடி, கதவுகள் திறந்தபடி, ஸ்கேனரும் மாட்டியபடி ஒரு மணி நேரம் நின்றால், ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியின் வோல்ட் இறங்கி, நட் பாதி வழியில் இருக்கும்போதே சர்வீஸ் மோடு அறுந்துபோகும். வேலை முடியும் வரை சார்ஜரை மாட்டி வைப்பது நல்லது.

சர்வீஸ் மோடில் பின்சக்கரங்கள் இரண்டும் முழு விடுதலை பெற்றிருக்கும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. சேலத்தின் தெருக்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் அவை மலையை நோக்கி ஏறுவது தெரியும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியை ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். விரல்களுக்கும் இங்கே ஆபத்து உண்டு. எஞ்சினை அணைத்தாலோ கதவைத் திறந்தாலோ தானாகப் பிரேக் பிடிக்கும்படி அமைந்த கார்கள் இருக்கின்றன; சர்வீஸ் மோடு போடாமல் காலிப்பரைக் கழற்றிவைத்துவிட்டுப் பேட் இருந்த இடைவெளியில் கையை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கையில், உள்ளே உட்கார்ந்திருக்கும் பையன் சுவிட்சைத் தொட்டால் அந்தப் பிஸ்டன் தயவு பார்க்காது. சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்பவரே கீழே உட்கார்ந்து வேலை செய்பவராக இருப்பது பாதுகாப்பு.

கழற்றிய காலிப்பரை ஹோஸிலோ மோட்டார் வயரிலோ தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அறிந்தும் செய்யாததே குறை. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறி வழிந்து பெயிண்டைத் தின்னும் என்பதையும் கவனிக்க வேண்டும். வழுக்கும் பின்களுக்குச் சாதாரணக் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப் பின் இறுகிவிடும். பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மட்டுமே பொருந்தும். டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அளந்து பார்க்காமல் புதுப் பேடை மட்டும் மாற்றுவதும் தவறு.

பிரேக் ஆயிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. டாட் 4 தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு மழைக்காலத்தில் மலைக்குப் போய்வருகிறவர்கள், இறக்கத்தில் மிதி பஞ்சுபோல் அமுங்கிவிட்டால் ஹேண்ட்பிரேக்கைக் குறைசொல்லக் கூடாது.

மோட்டார் மட்டும் பழுதான இடத்தில் முழுக் காலிப்பரையும் மாற்றச் சொல்வது இன்னொரு பழக்கம். மோட்டார் தனியாகக் கிடைக்கும் கார்களில், பெரும்பாலும் இரண்டு திருகுகளைக் கழற்றி அதை மட்டும் மாற்றிவிடலாம். ஆயில் வழியைத் திறக்காததால், அதில் புகுந்த காற்றை வெளியேற்றும் 'ஏர் எடுக்கும்' வேலையும் இல்லை. ஆனால் பழைய ஓ ரிங் ரப்பர் வளையத்தையே போட்டு மூடுவது, பொருந்தும் முகத்தைத் துடைக்காமல் முறுக்குவது என்று அங்கே சிக்கனம் பார்த்தால், அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே போய்ப் புது மோட்டாரும் துருப்பிடிக்கும். அடிப்பக்கத்தை வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அழுத்த நீரைக் கப்ளரின் மீது நேராகப் பாய்ச்சுவதும் இதே பலனைத்தான் தரும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு வரிசை முக்கியம். முதலில் பிரேக் மிதியைக் கெட்டியாகும் வரை மெல்லப் பலமுறை மிதித்துப் பேடுகளை டிஸ்க்கோடு சேர்க்க வேண்டும். அதன் பின்புதான் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வர வேண்டும். மாற்றிச் செய்தால் நட் வெறும் வெளியில் வெகுதூரம் நகர்ந்து, எதிர்பார்த்த இடத்தில் தடை கிடைக்காமல் கட்டுப்பாட்டுப் பெட்டி பிழை காட்டும். கையேடு கேட்கும் அளவீட்டை ஸ்கேனரில் முடித்து, சுவிட்சைச் சில முறை இழுத்து விட்டு, தூக்கி நிறுத்திய நிலையிலேயே சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எரியும் விளக்கைப் பிழைக் குறியீட்டை அழித்துமட்டும் அணைப்பது, காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரை உதறி வைப்பதற்குச் சமம்.

இங்கே சனிக்கிழமை மாலை பேட் மாற்றிக்கொண்டு ஞாயிறு காலை குடும்பத்தோடு ஏற்காடு ஏறும் வழக்கம் உண்டு, கோடை விழா நாட்களில் சொல்லவே வேண்டாம். புதுப் பேட் டிஸ்க்கோடு முழுமையாகப் பொருந்தச் சுமார் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்படும். அதற்குள் அதை மலையிறக்கத்தில் சுட்டெடுத்தால் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கிப் பிடிமானம் குறையும், ஹேண்ட்பிரேக்கும் அதே பேடை நம்பித்தான் சரிவில் நிற்க வேண்டும். ஒரு வாரம் முன்னதாகவே மாற்றிக்கொண்டு, ஆத்தூர் வரை மூன்று முறை போய்வந்தால் அந்தத் தூரம் தேறிவிடும். அவசரமாகப் போக வேண்டியிருந்தால் இரண்டாம் கியரில் இறங்கி, நடுவில் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டுப் பிரேக்கை ஆறவிடலாம்.