ஜூன் மாதத்துக்குக் குயர் நாவல்: எடுப்பதும் அட்டை போடுவதும்

ஜூன், குயர் மக்கள், அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் போன்றோர், கொண்டாடுகிற ப்ரைட் மாதம். அவர்களைப் பற்றிய நாவலை எப்படி எடுப்பது, வீட்டார் கண்ணில் படாமல் எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே. முதலில் கணக்கு. இளையோர் நாவல் ஒன்று ஏறக்குறைய 300 பக்கம். நாளுக்கு 25 பக்கம் என்றால் 12 நாள். ஆக, ப்ரைட் மாதத்தின் 30 நாளுக்கு இரண்டு நாவலும் ஒரு படக்கதையும் போதும். பள்ளி, கல்லூரி திறக்கிற மாதம் வேறு. பத்துப் புத்தகம் என்று பட்டியல் போட்டால் ஒன்றும் முடியாது.

எடுக்கும்போது அட்டையை நம்பாதீர்கள், வகையைப் பாருங்கள். ரொமான்ஸ் என்று விற்கிற புத்தகத்தில் ஜோடி கடைசியில் சேர்ந்தாக வேண்டும். அது அந்த வகையின் எழுதாத சட்டம். ஆனால் பெரியவர்களுக்கான ரொமான்ஸில் படுக்கையறைக் காட்சி விலாவாரியாக வரலாம், பள்ளி வயதுக்காரர்கள் இளையோர் நாவலோடு நின்றுகொள்ளலாம். இளையோர் நாவலுக்கோ நல்ல முடிவு என்ற உத்தரவாதம் கிடையாது. ஹிமாஞ்சலி சங்கரின் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்' (2014) நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கதைதான். ஆனால் தற்கொலை முயற்சியில் தொடங்குகிறது. மனசு சரியில்லாத வாரத்தில் அதைத் தொட வேண்டாம். நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' 1982-இல் வந்தது, அதிலேயே இரண்டு பெண்களும் கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். படக்கதைக்கு ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்'. 2016-இல் இணையத்தில் இலவசமாகத் தொடங்கிய தொடர் அது.

இவையெல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். சொல் புரியாவிட்டால் பழைய அகராதியைப் புரட்டாதீர்கள், வசைச்சொல்தான் கிடைக்கும். தன்பாலீர்ப்பு, திருநம்பி போன்ற சொற்களுக்கு 2022-இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது.

பழைய புத்தகத்துக்கு சென்னை சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம். 'குயர் புத்தகம் இருக்கா அண்ணா' என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். எழுத்தாளர் பெயரைச் சொல்லுங்கள். கடைசிப் பத்துப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இனி வீடு. ராயபுரம், காசிமேடு பக்கம் ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் போன் கை மாறிக்கொண்டே இருக்கும். அண்ணன் கணக்கில் கிண்டில் மின்னூல் வாங்கினால் அட்டைப்படம் அவர் போனிலும் வந்து நிற்கும். தனி மின்னஞ்சலில் தனிக் கணக்கு திறந்துவிட்டு வாங்குங்கள். எழுத்தைச் சிறிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கினால் பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணுக்கு எட்டாது. மெட்ரோ தொடங்குகிற விம்கோ நகர்ப் பக்கமே ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும், நாளின் 25 பக்கத்தில் பாதி அங்கேயே ஓடிவிடும்.

அச்சுப் புத்தகம் என்றால் ஜூனைப் போல வசதியான மாதம் இல்லை: வீடெல்லாம் பிரவுன் ஷீட் கிடக்கும், இன்னொரு புத்தகத்துக்கு அட்டை போட்டால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். புத்தகத்தை விரித்து வைத்து நாலு பக்கமும் மூன்று விரல் கூடுதலாக வெட்டுங்கள். மேலும் கீழும் மடித்து, பக்கவாட்டு மடிப்புக்குள் அட்டையைச் செருகுங்கள். செலோ டேப்பை ஷீட்டின்மேல் மட்டும் ஒட்டுங்கள். புத்தக அட்டையில் ஒட்டினால் பிரிக்கும்போது படம் உரிந்துவிடும். முதுகும் மூடியிருக்கட்டும், லேபிளில் பாடப் பெயர் எழுதிவிடுங்கள். உள்ளே செருகி வைத்த கடை பில்லை எடுத்துவிட்டீர்களா? பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அதுதான்.