ஒன்பது வீடு, மூன்று தொகுதி: ட்வைனில் ஒரு குட்டி அரசியல் கேம்

2003-இல் உருகுவேக்காரரான கோன்சாலோ ஃப்ராஸ்கா ‘செப்டம்பர் 12’ என்ற பிரௌசர் கேமை வெளியிட்டார். சந்தைக்குள் நடமாடும் பயங்கரவாதிகள்மேல் நீங்கள் ஏவுகணை விடலாம். ஆனால் அது தாமதமாகத்தான் போய் விழும், பக்கத்தில் நிற்பவர்களும் சாவார்கள். அழ வருகிறவர்களில் சிலர் பயங்கரவாதிகளாக மாறிவிடுவார்கள். சுடச் சுட எண்ணிக்கை ஏறும். போர் தவறு என்று யாரும் அதில் வசனம் பேசுவதில்லை, அதை கேமின் விதியே சொல்லிவிடுகிறது. நாம் செய்யப்போகும் கேமுக்கும் இதுதான் அடிப்படை.

எடுத்துக்கொள்ளும் விஷயம், தொகுதி எல்லையை வரைகிறவர் தேர்தல் முடிவை எப்படி மாற்றுகிறார் என்பது. கிளிக் செய்து ஆடும் கதைகளை உருவாக்கும் ட்வைன் என்ற கருவியில் செய்வதால் கோடிங் தெரிய வேண்டாம்.

1. முதலில் பேப்பரில்

வ, ச என்று இரண்டு கட்சிகள். ஒன்பது வீடுகளை இப்படி எழுதுங்கள்:

வ வ ச
வ ச வ
ச ச ச

வ-வுக்கு 4 ஓட்டு, ச-வுக்கு 5. வீட்டுக்கு ஒரு ஓட்டு, மூன்று வீடு ஒரு தொகுதி. மூன்று மூன்று வீடாகக் குறுக்கே வெட்டுங்கள். முதல் இரண்டு வரிசையும் வ-வுக்கு, ஆக 2-1. நெடுக்கே வெட்டினால் முதல் பத்தி மட்டும்தான் வ-வுக்கு, மற்ற இரண்டும் ச-வுக்குப் போய்விடும். ஒரு ஓட்டுகூட மாறவில்லை, ஆட்சி மாறிவிட்டது. பேப்பரில் இது சுவாரஸ்யமாக இல்லையென்றால் திரையிலும் இருக்காது.

2. ட்வைனைத் திறப்பது

ட்வைன் இலவசம், பிரௌசரிலேயே ஓடும். புதுக் கதை தொடங்கினால் ஒரு பெட்டி வரும். இரட்டை கிளிக் செய்து ‘தொடக்கம்’ என்று பெயரிட்டு, மேலே உள்ள ஒன்பது எழுத்துகளையும் போட்டு, கீழே இப்படி எழுதுங்கள்:

நீங்கள் வ கட்சி. எல்லையை வரையுங்கள்.
[[குறுக்கே வெட்டு->குறுக்கு]]
[[நெடுக்கே வெட்டு->நெடுக்கு]]

அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது ஆட்டக்காரர் பார்க்கும் வார்த்தை, பின்னால் இருப்பது போய்ச்சேரும் பெட்டியின் பெயர். எழுதிய உடனே அந்த இரண்டு பெட்டிகளும் தானாக முளைக்கும்.

எழுத்துகளின் அகலம் வேறுவேறு என்பதால் வரிசை கொஞ்சம் கோணலாகத் தெரியும். இரண்டு நிற வட்ட இமோஜி போட்டால் சீராகிவிடும். நிஜக் கட்சிக்கொடி நிறங்கள் மட்டும் வேண்டாம். போட்டால் ஆட்டக்காரர் எண்ணுவதை விட்டுவிட்டுக் கட்சி கட்ட ஆரம்பித்துவிடுவார்.

3. முடிவுப் பக்கங்கள்

‘குறுக்கு’ பெட்டியில் “வ 2, ச 1”. ‘நெடுக்கு’ பெட்டியில் “வ 1, ச 2”. அவ்வளவுதான். “நீங்கள் ஜெயித்தீர்கள்” என்று எழுதாதீர்கள், காரணம் அடுத்த படியில்.

என் முதல் முயற்சியில் இந்த இடத்தில் ஜனநாயகம் பற்றி மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன். விளையாடிப் பார்த்த நண்பர் அதில் ஒரு வரிகூடப் படிக்காமல் அடுத்த லிங்கைத் தட்டினார். நான் இன்னும் அதை முழுதாக மன்னிக்கவில்லை, ஆனால் பத்திகளை அழித்துவிட்டேன்.

பாடமாக ஒரு வரி வேண்டுமென்றால் இது போதும்: 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான ஒரு தொகுதி, பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் போல வளைந்து கிடந்தது. தன் கட்சிக்குச் சாதகமாக எல்லை வரைவதைக் குறிக்கும் ‘ஜெர்ரிமாண்டரிங்’ என்ற சொல், அவர் பெயரும் சாலமாண்டரும் சேர்ந்து பிறந்தது அப்படித்தான்.

4. கட்சி மாற்றுவது

இரண்டு முடிவுப் பக்கங்களிலும் [[இப்போது நீங்கள் ச கட்சி->மறுபக்கம்]] என்று சேருங்கள். ‘மறுபக்கம்’ பெட்டியில் அதே ஒன்பது வீடுகள், அதே இரண்டு லிங்குகள். முடிவுப் பக்கம் யார் பக்கமும் பேசாததால் அதையே திரும்பப் பயன்படுத்தலாம். சற்று முன் வ-வுக்காகக் குறுக்கே வெட்டி மகிழ்ந்தவர், இப்போது கூசாமல் நெடுக்கே வெட்டுவார். கேமின் கருத்து இந்த ஒரு தட்டலில்தான் இருக்கிறது.

5. வெளியிடுவது

‘பில்ட்’ பகுதியில் ‘பப்ளிஷ் டூ ஃபைல்’ அழுத்தினால் ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைல் கிடைக்கும். யாருக்கும் அனுப்பலாம், எந்த பிரௌசரிலும் திறக்கும். பிரௌசர் தரவை அழித்தால் ட்வைனில் இருக்கும் கதையும் போய்விடும். ஒருமுறை அழித்துவிட்டு முழுக்கத் திரும்பச் செய்தவன் சொல்கிறேன், ஒவ்வொரு நாளும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கைவந்ததும் 25 வீடு, 5 தொகுதி என்று பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே பெரும்பான்மை பிடிக்க 9 வீடுகள் போதும், மூன்று தொகுதியில் மும்மூன்று. அந்த 9 வீடுகளை எங்கே வைப்பது என்பதை ஆட்டக்காரரிடமே விட்டுவிடுங்கள்.