ராஸ்பெரி பையில் வெப்கேம் மக்கர் செய்தால்

ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கக் கணினியில் யூஎஸ்பி வெப்கேமைச் செருகினால் படம் வந்துவிடும். நாம் கேட்ட அளவிலும் வேகத்திலும் வருமா என்பதுதான் தகராறு. எங்கள் பட்டறையில் பேக்கிங் மேசைக்கு மேலே கேமரா மாட்டிக் கொடுப்பது என் வேலை. "படம் விட்டு விட்டு வருதுண்ணா" என்று பையன்கள் வந்தால் நான் ஏணியைத் தேடுவதில்லை. கேமரா எந்த ஃபார்மேட்டில் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அதற்கு வி4எல்-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள வி4எல்2-சிடிஎல் கட்டளையை லிஸ்ட்-ஃபார்மேட்ஸ்-எக்ஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டினால், கேமரா தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்துவிடும். மலிவான கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு ஃபார்மேட் இருக்கும்: சுருக்காமல் அனுப்பும் ஒய்யூஒய்வி, ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபிஜி. ஒரே கேமராவுக்கு இரண்டு வீடியோ எண்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். புதிய கர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) இரண்டாவது எண் மெட்டாடேட்டாவுக்கு, அதாவது படத்தைப் பற்றிய தகவலுக்கு. அதில் படம் வராது.

இப்போது கொஞ்சம் பெருக்கல். ஒய்யூஒய்வி சுருக்காத படம், ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640x480 என்றால் ஒரு ஃபிரேம் ஆறு லட்சம் பைட்டுக்கு மேல். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் வினாடிக்கு 1.84 கோடி பைட். அதையே 1280x720-இல் கேட்டால் 5.5 கோடி. யூஎஸ்பி 2.0-இல் ஒரு கேமரா இப்படி ஒதுக்கிக்கொள்ளக்கூடிய உச்சமே சுமார் 2.45 கோடிதான். அதனால்தான் ஒய்யூஒய்வி பட்டியலில் 720-க்கு நேராக 10 ஃபிரேம் என்று போட்டிருக்கும். பெருக்கிப் பாருங்கள், அதே 1.84 கோடி வரும். கேமராவில் கோளாறே இல்லை, குழாய்தான் சின்னது.

எம்ஜேபிஜிக்கு மாறினால் 30 கிடைக்கும். ஓப்பன்சிவி என்ற படக் கையாளல் நூலகத்தில் நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேமராவைத் திறக்கும்போதே லினக்ஸின் வீடியோ இடைமுகமான வி4எல்2 வழியாகத் திற என்று சொல்லிவிட்டு, முதலில் ஃபார்மேட்டை எம்ஜேபிஜி என்று வையுங்கள், அகலம், உயரம், வேகம் எல்லாம் அப்புறம். வைத்த பிறகு மதிப்புகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கேமரா முடியாது என்று சண்டை போடாது, சத்தமில்லாமல் தனக்குப் பிடித்த வேறொன்றைக் கொடுத்துவிடும். எம்ஜேபிஜியை விரிக்கும் வேலை ப்ராசஸர் தலையில் விழும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாக வந்தால், கேமரா ஒரு ஃபார்மேட்டில் அனுப்ப நிரல் வேறொன்றாகப் படிக்கிறது என்று அர்த்தம். அங்கே வேகத்தைக் குறைத்து ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது கேமராவையும் செருகி ஓட்டினால் 'சாதனத்தில் இடமில்லை' என்ற பொருளில் ஒரு பிழை வரலாம். மெமரி கார்டைக் காலி செய்யப் போகாதீர்கள். இடமில்லாதது யூஎஸ்பி பாதையில். பை 3-இல் நான்கு போர்ட் இருந்தாலும் எல்லாம் ஒரே பாதையில்தான் சேர்கின்றன, ஈதர்நெட்டும் கூட. பட அளவைக் குறையுங்கள். ஒய்யூஒய்விதான் வேண்டுமென்றால், யூஎஸ்பி கேமராக்களை இயக்கும் யூவிசிவீடியோ மாட்யூலை க்வர்க்ஸ் மதிப்பு 128 வைத்து ஏற்றிப் பாருங்கள். கேமரா கேட்கும் பாதையளவை நம்பாமல் தேவையானதைக் கர்னலே கணக்கிடும். எம்ஜேபிஜிக்கு இது உதவாது.

ஃபார்மேட் சரி, கேமரா ஒன்றுதான், ஆனாலும் சாயங்காலமானால் 30 ஃபிரேம் 15 ஆகிறதா? வெளிச்சம் குறைந்ததும் எக்ஸ்போஷரை (ஒரு ஃபிரேமுக்கு ஒளி வாங்கும் நேரத்தை) நீட்டிக்கொள்ள கேமரா ஃபிரேமைக் குறைக்கிறது. அதே வி4எல்2-சிடிஎல் கட்டளையை லிஸ்ட்-சிடிஆர்எல்எஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் எக்ஸ்போஷர் டைனமிக் ஃபிரேம்ரேட் என்று ஒன்று இருக்கும். பழைய கர்னலில் அதன் பெயர் எக்ஸ்போஷர் ஆட்டோ ப்ரயாரிட்டி. அதை 0 ஆக்குங்கள். படம் கொஞ்சம் இருட்டும். மேசைக்கு மேலே ஒரு டியூப் லைட் போட முடிந்தால் அதுதான் நல்ல வழி.