மஞ்சளுக்கு அடிக்கிற கடல்பாசியை நாமும் சாப்பிடலாம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஈரோடு, கோபி பக்கம் மஞ்சள் போடுகிறவர்களின் தோட்டத்துச் சாளைக்குள் எட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் கடல்பாசி டானிக் கேன் நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். டேங்குக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றி மஞ்சளுக்கு அடிக்கிறோம், வாழைக்கு அடிக்கிறோம், தக்காளிக்கும் அடிக்கிறோம். அதே பாசியை மனுசன் சாப்பிடுவான் என்றால் மட்டும் நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் முதல் தடவை நோரி என்கிற காய்ந்த கடல்பாசித் தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டது இதுதான்: "ஏங்கண்ணு, குளத்துப் பாசிய யாராச்சும் திம்பாங்களா?"

குளத்துப் பாசி வேறு, இது வேறு. (அந்தக் கேனில் இருப்பதும் வேறு, அது பயிருக்கு மட்டும். யாரும் விளையாட்டுக்குக்கூட வாயில் வைத்துவிடாதீர்கள்.) கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, மீன் நாற்றம் பழகாத வாயோடு கடல்பாசியை எப்படிச் சாப்பிடத் தொடங்குவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் தேடினால் கடல்பாசியில் பாலைவிடக் கால்சியம், பருப்பைவிடப் புரதம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அதெல்லாம் 100 கிராம் காய்ந்த பாசிக்கான கணக்கு. காய்ந்த நோரியில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் புரதம் இருப்பது உண்மைதான், ஆனால் ஒரு நோரித் தாளின் எடையே 3 கிராமுக்குள். அதாவது ஒரு தாள் தின்றால் ஒரு கிராம் புரதம். அதற்கு ஒரு கை பச்சைப்பயறே போதும்.

உண்மையான லாபம் இரண்டு. ஒன்று ஐயோடின், இன்னொன்று நார்ச்சத்து.

ஐயோடின் நமக்கு ஏன் முக்கியம்? தைராய்டு சுரப்பி வேலை செய்ய அது வேண்டும், குறைந்தால் கழுத்தில் கழலை வரும், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கிற நிலத்தில் விளைவதில் இது குறைவாகத்தான் இருக்கும் என்பதால்தான் உப்பில் கலந்து கொடுக்கிறார்கள், கழலை ஒழிப்புத் திட்டம் என்று மத்திய அரசு தொடங்கியது 1962-ல். ஆனால் ஊறுகாய்க்கும் குழம்புக்கும் கல்லுப்புதான் ருசி என்று சொல்லி, ஐயோடின் கலக்காத உப்பையே வருசம் முழுக்கப் போடுகிற வீடுகள் நம் பக்கம் இன்னும் உண்டு (எங்கள் வீடும் அதில் ஒன்றாக இருந்தது). பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சைவக்காரர்களுக்கு ஒரு செய்தி. நோரியில் பி12 வைட்டமின் உண்டு, ஆனால் அளவு சரக்குக்குச் சரக்கு மாறும், அதை நம்பி டாக்டர் எழுதிக் கொடுத்த பி12 மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஸ்பைருலினா என்று மாத்திரையாக விற்கிறார்களே, அது கடல்பாசியே இல்லை, அதில் இருப்பதிலும் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

இரண்டாம் படி: எதை வாங்குவது, எதை விடுவது

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டே பொருள் போதும்.

முதலாவது சைனா கிராஸ். மளிகைக் கடையில் வெள்ளை நார் மாதிரி 10 கிராம் பாக்கெட்டில் கிடைக்கும். கோவை உக்கடம், கோட்டைமேடு பக்கம் நோன்பு மாதத்தில் யார் வீட்டுக்காவது போயிருந்தால் கடப்பாசி என்ற பெயரில் ஏற்கனவே சாப்பிட்டிருப்பீர்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் முங்கிப் பாறையிலிருந்து பறித்து வருகிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும், கஞ்சிப் பாசியிலிருந்தும் எடுக்கிற சரக்குதான் இது. ஏறக்குறைய முழுக்க நார்ச்சத்து, கலோரி சொற்பம். கொதிக்க வைத்து வடித்து எடுப்பதால் கடல் வாசம் துளியும் இருக்காது.

இரண்டாவது நோரி, காகிதம் போல அழுத்திக் காயவைத்தது. கோவையில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம். உப்பும் மசாலாவும் சேர்க்காத வெறும் தாளாகப் பார்த்து வாங்குங்கள். மசாலா போட்டதில் மீன் சத்து கலந்திருக்கலாம், சைவக்காரர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். இறால் ஒவ்வாமை இருக்கிறவர்கள் வெறும் தாளிலும் ஜாக்கிரதை, கடலில் வளரும்போது குட்டி இறால்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

விட வேண்டியவை: ஹிஜிகி என்ற கறுப்புப் பாசியில் ஆர்சனிக் என்ற நஞ்சு அதிகம், பிரிட்டன் உணவுத் தர அமைப்பே சாப்பிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. கொம்பு என்ற ஜப்பான் பாசியில் ஒரே கிராமில் 2000 மைக்ரோகிராமுக்கு மேல் ஐயோடின் இருப்பதுண்டு, பத்து நாளைக்கு மேல் வேண்டியது ஒரே வாயில் போய்விடும். அஜினோமோட்டோவின் பூர்வீகமும் இந்தக் கொம்புதான், 1908-ல் கிகுனே இக்கேடா என்ற ஜப்பான்காரர் அந்த ருசியை இதிலிருந்துதான் பிரித்தெடுத்தார். அப்புறம், ராமேஸ்வரம் சுற்றுலா போனபோது கரையில் ஒதுங்கிக் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்து சமைக்காதீர்கள். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று தெரியாத பாசி வேண்டாம், சுற்றியிருக்கிற உலோகக் கழிவை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: இளநீர்க் கடப்பாசி

சைனா கிராஸ் 10 கிராம், தண்ணீர் அரை லிட்டர், இளநீர் அரை லிட்டர், நாட்டுச் சர்க்கரை நாலைந்து கரண்டி. பொள்ளாச்சி இளநீர் என்றால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

நாரைக் கத்தரித்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, அளந்து வைத்த அரை லிட்டர் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். எட்டு பத்து நிமிடம் ஆகும். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒரு நார்கூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் இன்னும் கொதிக்கட்டும், அவசரப்படாதீர்கள். சர்க்கரையைப் போட்டுக் கரைத்து வடிகட்டுங்கள்.

இங்கேதான் நான் சொதப்பினேன். ஃபிரிஜ்ஜில் இருந்த இளநீரை அப்படியே எடுத்து ஊற்றிவிட்டேன், சட்டியில் பாதி நூல் நூலாகத் திரிந்து மீதி தண்ணீராக நின்றது. சைனா கிராஸ் கரைய 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கினதுமே உறையத் தொடங்கிவிடும். அதனால் இளநீரைக் கை பொறுக்கிற சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் இறக்கினபிறகு பிழியுங்கள், புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் சரியாக உறையாது. தட்டில் ஊற்றி இளநீர் வழுக்கையைத் துண்டு போட்டு அப்படியே வைத்தால் போதும், ஃபிரிஜ் இல்லாமலே உறையும்.

ஒருமுறை உறைந்துவிட்டால் கரூர் சித்திரை வெயிலிலும் இளகாது. இந்தக் குணத்துக்காகத்தான் 1880-களில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற கிருமி ஆராய்ச்சியாளரின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை வைத்திருந்த ஜெலட்டின் சூட்டில் இளகி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ், அங்கே வேலை செய்த ஒருவரின் மனைவி, வீட்டுச் சமையலில் இதைப் பயன்படுத்திப் பழகியவர்.

ஒரு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும், கூடவே தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். நார்ச்சத்தே பழகாத வயிறாக இருந்தால் முதல் நாள் கொஞ்சம் கடமுடா என்னும். சைனா கிராஸில் நார்தான் கிடைக்கும், ஐயோடினுக்கு இதை நம்ப முடியாது.

நான்காம் படி: நோரி எள்ளுப் பொடி

ஐயோடின் இதில் வரும். நோரித் தாள் 5, எள் அரை கப், பொட்டுக்கடலை கால் கப், வரமிளகாய் ஆறேழு, பூண்டு நாலு பல், உப்பு வழக்கத்தில் பாதி.

தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்துத் தாளை இரண்டு பக்கமும் சில நொடி காட்டுங்கள். வறுக்காத தாள் என்றால் ஊதா கலந்த கறுப்பு பச்சையாக மாறும், அதுதான் பதம். கொஞ்சம் விட்டாலும் கருகிக் கசந்துவிடும். எள்ளைப் படபடவென்று பொரிகிற வரை வறுத்து, மிளகாயையும் பூண்டையும் தனியாக வதக்கி, எல்லாம் ஆறினபிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். தாளை மட்டும் கடைசியில் கையால் நொறுக்கிப் போட்டு ஒரே சுற்று.

அரிசிம்பருப்பு சோற்றின் மேல் நெய் விட்டு இந்தப் பொடியைத் தூவினால் எள்ளுப் பொடியில் ஏதோ மீன் குழம்பு சாயல் வந்த மாதிரி இருக்கும். சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரி) தேங்காய் எண்ணெயோடு கலந்தால் அதைவிட நல்லது. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், வாரத்தில் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். ஐயோடின் உப்பும் தினமும் சேர்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: யார் கேட்டுவிட்டுத் தொட வேண்டும்

தைராய்டுக்கு மாத்திரை போடுகிறவர்கள், குறைவோ மிகையோ எதுவானாலும், டாக்டரிடம் கேட்காமல் நோரியைத் தொட வேண்டாம். ஐயோடின் கூடினாலும் தைராய்டு கெடும், "தைராய்டுக்குக் கடல்பாசி நல்லதாமே" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்பி ஆரம்பிக்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் (பாசியில் இருக்கும் வைட்டமின் கே அதோடு இடிக்கும்), சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், கர்ப்பிணிகளும் அதே மாதிரி முதலில் கேட்டுவிடுங்கள்.

பொடி காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் தாங்கும். ஈரக் கரண்டி போட்டால் இரண்டே நாளில் நமுத்துவிடும், அதனால் ஆடி ஐப்பசி ஈரக் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு தாளுக்கு மட்டும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.