சிறிய சமையலறையில் பொருள்களை அடுக்கி வைக்கும் முறை

சமையலறையில் இடம் போதவில்லை என்று தோன்றியவுடன் பலரும் முதலில் செய்வது, புதிய டப்பாக்களையும் அடுக்குத் தாங்கிகளையும் வாங்கி வருவதுதான். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. சிறிய சமையலறையில் நம்மைக் களைப்படையச் செய்வது இடக்குறைவு மட்டுமல்ல. ஒரு பொருளை எடுப்பதற்கு அதன் முன்னாலும் மேலேயும் இருக்கும் வேறு மூன்று பொருள்களை நகர்த்த வேண்டியிருப்பதே பெரும் தொல்லை. எனவே, அன்றாடம் புழங்கும் எந்தப் பொருளும் அது பயன்படும் இடத்துக்கு அருகிலேயே, வேறெதையும் நகர்த்தாமல் ஒரே கையால் எடுக்கும்படி இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற யோசனைகள் எல்லாம் அந்த விதியை ஒட்டியவையே.

இது புதிய சிந்தனையும் அன்று. கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்டது. சமைப்பவர் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்பதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய இடத்தை அவர் வகுத்தார். உலர்ந்த பொருள்களை வைப்பதற்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகளை அமைத்து, கொட்டுவதற்கு வசதியாக அவற்றுக்குக் கைப்பிடியும் மூக்கும் வைத்திருந்தார். சிறிய இடத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் எவ்வளவு வேலை நடக்கும் என்பதற்கு, இன்றைய சமையலறைகளுக்கு முன்னோடியாகக் கருதப்படும் அந்த அறை நல்ல சான்று.

வேலையைத் தொடங்கும்போது எல்லா அலமாரிகளையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டாம். எடுத்த பொருள்களைப் பரப்பி வைக்கவும் இடம் இல்லாமல், பாதியிலேயே மனம் தளர்ந்துவிடும். ஓர் அலமாரியை முழுவதும் காலி செய்து, துடைத்து, முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது நல்லது. வெளியே எடுத்தவற்றை நாள்தோறும் எடுப்பவை, வாரத்தில் ஓரிரு முறை எடுப்பவை, எப்போதாவது எடுப்பவை என்று மூன்றாகப் பிரியுங்கள். பாத்திரம் இல்லாத மூடிகள், பிடி ஆடும் வாணலிகள், ஒரே வேலைக்கென்று நான்கைந்தாகச் சேர்ந்துவிட்ட கரண்டிகள், தேதி கடந்த பொட்டலங்கள் ஆகியவை இந்தக் கட்டத்தில் தாமாகவே கண்ணில் படும். கழித்துவிட மனம் வராதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, மேலே அன்றைய தேதியை எழுதி, சமையலறைக்கு வெளியே வைத்துவிடலாம். மூன்று மாதம் கடந்தும் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லையென்றால், பண்டிகை போன்ற ஆண்டுக்கொருமுறைத் தேவைக்கானவை நீங்கலாக மற்றவற்றைத் தயங்காமல் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

அடுத்து அளவுநாடாவை எடுங்கள். அலமாரித் தட்டுகளுக்கு இடையிலான உயரம், உட்புற ஆழம், உட்புற அகலம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அகலத்தை அளக்கும்போது கதவின் கீல்கள் உள்ளே எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்பதைக் கழித்துப் பார்க்கத் தவறக் கூடாது. சரியாக அளந்து வாங்கியதாக நினைத்த தட்டம் கீலில் இடித்து வெளியே வர மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதன்பின் ஒவ்வொரு தட்டிலும் இருக்கும் மிக உயரமான பொருளுக்கும் மேல் தட்டுக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளி ஒரு சாண் அளவு இருந்தால், அங்கே ஒரு தட்டுக்குரிய இடம் வீணாகிறது என்று பொருள். பல அலமாரிகளில் தட்டுகளைத் தாங்கும் சிறு ஆணிகளை மேலும் கீழும் மாற்றிச் செருக முடியும். அதற்கு வழியில்லாத இடத்தில், கால் வைத்த ஒரு குட்டி மேடையை உள்ளே வைத்தாலே கீழே சாப்பாட்டுத் தட்டுகளும் மேலே கிண்ணங்களுமாக இரண்டு அடுக்குகள் கிடைத்துவிடும்.

எதை எங்கே வைப்பது என்பதை அறையின் மூன்று வேலையிடங்களைக் கொண்டு முடிவு செய்யலாம். அடுப்புக்கு அருகில் வாணலி, கரண்டி, உப்பு, கைப்பிடித் துணி. நறுக்கும் இடத்துக்கு அருகில் கத்தி, பலகை, கிண்ணங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகில் நாள்தோறும் கழுவி வைக்கும் தட்டுகளும் குவளைகளும் இருப்பது இயல்பானது. உயரத்தைப் பொறுத்தவரை, முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பகுதிதான் விலை மதிப்பற்ற இடம். நாள்தோறும் எடுப்பவை அனைத்தும் அங்கேதான் இருக்க வேண்டும். கனமான பாத்திரங்களையும் அரைக்கும் கருவிகளையும் இடுப்பளவு உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ வையுங்கள்; தலைக்கு மேலிருந்து கனத்தையோ கண்ணாடியையோ இறக்குவது ஆபத்தானது. தலைக்கு மேலுள்ள தட்டுகளுக்கு எப்போதாவது எடுக்கும் இலேசான பொருள்கள் மட்டுமே ஏற்றவை.

சிறிய சமையலறைகளில் அதிகம் வீணாவது, மேடைக்குக் கீழேயுள்ள ஆழமான அலமாரி. சமையல் மேடையின் ஆழம் பொதுவாக 60 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதன் கீழ் உள்ள அலமாரியில் முன்வரிசைக்குப் பின்னால் போன பொருள் கண்ணிலிருந்தும் நினைவிலிருந்தும் மறைந்துபோகிறது. இழுப்பறைகள் பொருத்தச் செலவு செய்ய முடிந்தால் முதலில் இங்கேதான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லையென்றால், அலமாரியின் முழு ஆழத்துக்கும் பொருந்தும் நீளமான, விளிம்பு உயர்ந்த தட்டங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரே வகைப் பொருள்களை வரிசையாக வைக்கலாம். எண்ணெய்ப் புட்டிகள் ஒரு தட்டத்தில் இருந்தால், முன்விளிம்பைப் பிடித்து இழுத்தவுடன் கடைசிப் புட்டியும் வெளியே வந்துவிடும். புட்டியின் அடியில் வழிந்த எண்ணெயும் மரத்தில் ஊறாமல் தட்டத்திலேயே தங்கி, துடைக்க எளிதாக இருக்கும். இரண்டு அலமாரிகள் சந்திக்கும் மூலையில் சுழலும் வட்டத் தட்டு நன்றாக உதவும்.

இப்போதுதான் டப்பாக்களைப் பற்றி யோசிக்க வேண்டும். வட்ட டப்பாக்களை ஒன்றையொன்று தொடும்படி நெடுக்கும் குறுக்குமாக வரிசையில் அடுக்கினால், நடுவே விழும் சந்துகளால் தட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான இடம் வீணாகிறது. சதுர டப்பாக்களில் அந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. கொள்ளளவைத் தேர்ந்தெடுக்கும்போது, வழக்கமாக வாங்கும் பொட்டலம் முழுவதும் அதில் கொள்ள வேண்டும். கொஞ்சம் சிறியதாகப் போனால், மீந்த மாவோடு ரப்பர் வளையம் போட்ட பொட்டலம் ஒன்று அலமாரியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 1.25 லிட்டரும், ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய 2 லிட்டரும் தேவைப்படும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். பொட்டலத்தில் தேதி அச்சிட்ட பகுதியை வெட்டி, டப்பாவின் அடியில் ஒட்டிவிடுவது மிகப் பயனுள்ள பழக்கம்.

எல்லாப் பொருளையும் கையெட்டும் வசதிக்காக மட்டுமே வைத்துவிட முடியாது. அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு மசாலாப் பொருள்களுக்கு வசதியாகத் தோன்றினாலும், அங்கே ஏறும் சூடும் நீராவியும் அவற்றின் மணத்தைப் போக்கி, தூளைக் கட்டிதட்ட வைக்கும். எண்ணெய் சூட்டாலும் வெளிச்சத்தாலும் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே சமைக்க ஒரு சிறு புட்டி மட்டும் வெளியே இருந்தால் போதும். உருளைக்கிழங்கை இருட்டான, காற்றோட்டமான கூடையில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்து நச்சுத்தன்மை கூடும். வெங்காயத்தை அதனோடு சேர்த்து வைக்காமல் வேறொரு கூடையில் வைப்பது இரண்டுக்கும் நல்லது. மாவில் வண்டு விழுவது தொடர்ந்து நடந்தால், புதிதாக வாங்கிய மாவை உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாள் வைத்தெடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் டப்பாவில் கொட்டுங்கள்.

சுவரையும் கதவின் உட்புறத்தையும் மறந்துவிடக் கூடாது. பாத்திர மூடிகளுக்குக் கதவின் உட்புறத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. கதவை மூடும்போது மூடி தட்டில் இடிக்காமல் இருக்க, உள்தட்டின் விளிம்பிலிருந்து சில சென்டிமீட்டர் இடம் விட வேண்டியிருக்கும். பேக்கிங் தட்டுகளையும் நறுக்கும் பலகைகளையும் படுக்க வைப்பதைவிடப் புத்தகங்களைப்போல் நிறுத்தி வைத்தால், எதையும் தூக்காமல் வேண்டியதை உருவிக்கொள்ளலாம். சுவரில் கனமான இரும்பு வாணலிகளைத் தொங்கவிடுவதாக இருந்தால் ஒட்டும் கொக்கிகளை நம்ப வேண்டாம். துளையிட்டுத் திருகாணி பொருத்துவதே பாதுகாப்பு.

தொட்டிக்குக் கீழே ஈரமும் குழாய்க் கசிவும் இருக்கக்கூடும் என்பதால் உணவுப் பொருள் எதையும் அங்கே வைக்கக் கூடாது. துப்புரவுப் பொருள்களுக்கு அந்த இடம் பொருந்தும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கதவுக்குக் கட்டாயம் பூட்டு வேண்டும்.

அடுக்கிய பிறகு அது குலையாமல் இருப்பதற்கு, பொருள் வாங்கி வரும் நாளில்தான் கவனம் தேவை. பழைய மாவின்மேல் புதிய மாவைக் கொட்டாமல், பழையதைத் தனியே எடுத்துவைத்து, டப்பாவைத் துடைத்துப் புதியதை நிரப்பிய பிறகு, பழையதை மேலே போட்டு முதலில் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒதுக்கிய தட்டே அதன் எல்லையாக இருக்கட்டும். அந்தத் தட்டு நிறைந்திருக்கும்போது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வகையில் இன்னொரு பொட்டலத்தை வாங்காமல் விடுங்கள். புதிய பாத்திரம் ஒன்று வீட்டுக்குள் வரும்போது, அது எந்தப் பாத்திரத்தின் இடத்தில் உட்காரப்போகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.